பூ விட்டப்ப நீங்க எங்க இருந்தீங்க? பழைய டிரான்ஸ்ஃபர்களும் நம்முடைய பின்புத்தியும்

2019 மே 8, அதிகாலை இரண்டேகால் மணி இருக்கும். கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு மாடி அறை. சாம்பியன்ஸ் லீக் கால்பந்து அரையிறுதி. தன் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் லிவர்பூல் பார்சிலோனாவை 4-0 என்று அடித்து, முதல் ஆட்டத்தில் வாங்கிய 3-0 கடனை வட்டியோடு தீர்த்து இறுதிப் போட்டிக்குப் போய்விட்டது. கீழே தூங்குகிறவர்கள் எழுந்துவிடக் கூடாதே என்று தலையணையில் வாயைப் புதைத்துக் கத்தினோம். பார்சிலோனாவுக்காக ஆடிய கூட்டீனியோவை அறுபதாவது நிமிடத்தில் வெளியே எடுத்தார்கள். பதினாறு மாதத்துக்கு முன்புவரை அது அவருடைய சொந்த மைதானம். எங்கள் பெரியப்பா மகன், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "அவன வித்ததுதான்டா சரி. எனக்கு அப்பவே தெரியும்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. 2018 ஜனவரியில் கூட்டீனியோ போன அன்று இதே அண்ணன் இதே அறையில், "சீசன் முடிஞ்சுது. காசுக்காக டீமையே வித்துட்டானுங்க. இனிமே நான் மேட்ச் பாத்தா கேளு" என்று ரிமோட்டைத் தூக்கிப் போட்டவர். இதில் கவனிக்க வேண்டியது, அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான். அப்போதே தெரியும் என்று அவர் உண்மையாகவே நம்புகிறார்.

கால்பந்து பார்க்கிறவர்கள் கூடினால் இந்தப் பேச்சு இல்லாமல் இருக்காது. சலா என்ற வீரரை விட்ட செல்சி கிளப் முட்டாள், பொக்பாவை விட்ட மான்செஸ்டர் யுனைடெட் முட்டாள், அவனை வாங்கினவன் குருடன். எல்லாரும் பேசுகிறோம். ஆனால் "தவறான முடிவு" என்று சொல்லும்போது என்ன சொல்கிறோம் என்று யோசிப்பதில்லை. முடிவு தவறா, முடிவுக்குப் பிறகு நடந்தது தவறா? இரண்டும் வேறு வேறு. அந்த வித்தியாசத்தைப் புதிதாகக் கால்பந்து பார்க்க வருகிறவர்களுக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

டிரான்ஸ்ஃபர் என்றால் என்ன, சுருக்கமாக

ஒரு வீரருக்கும் கிளப்புக்கும் நடுவில் மூன்று, நான்கு, ஐந்து வருடம் என்று ஒப்பந்தம் இருக்கும். அது முடிவதற்குள் இன்னொரு கிளப் அவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமென்றால், இப்போதைய கிளப்புக்குப் பணம் கட்ட வேண்டும். அதுதான் டிரான்ஸ்ஃபர் தொகை. வீரரின் சம்பளம் வேறு கணக்கு. ஒப்பந்தம் முடிந்துவிட்டால் யாருக்கும் பணம் கட்டாமல் போகலாம். ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பரில் போஸ்மன் வழக்கில் தந்த தீர்ப்பால் வந்த உரிமை அது. அதனால் ஒப்பந்தம் தேயத் தேய வீரரின் விலையும் தேயும். விற்காமல் ஒரு சீசனுக்கு இரவல் கொடுத்து வாங்குவதும் உண்டு. அதற்கு லோன் என்று பெயர்.

இதெல்லாம் வருடம் முழுக்க நடப்பதில்லை. கோடையில் ஒரு முறை, ஜனவரியில் ஒரு முறை சந்தை திறக்கும். கடைசி நாள் கதவு மூடுவதற்குள் முடித்தாக வேண்டும். போச்சம்பள்ளி சந்தை கலையும் நேரத்தில் ஆடு வாங்குகிறவன் பேரம் பேசும் பதற்றம் அதில் இருக்கும்.

ஜனவரியில் தோப்பு பார்க்கிறவர்

ஜனவரி என்றதும் எனக்கு அண்ணனின் தொழில்தான் நினைவுக்கு வரும். அவருக்கு மாந்தோப்புக் குத்தகை. சந்தூர், காவேரிப்பட்டணம் பக்கம் பூ விடும்போதே தோப்பைப் பேசி முடித்துவிடுவார். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். வரிசைக்கு நடுவில் மெதுவாக நடப்பார். ஒரு கிளையை வளைத்துப் பூங்கொத்தை உள்ளங்கையில் தட்டிப் பார்ப்பார், தத்துப்பூச்சி விழுகிறதா என்று. போன வருடம் எந்த மரம் நன்றாகக் காய்த்தது என்று கேட்பார், ஏனென்றால் ஒரு வருடம் கொட்டிக் காய்த்த மரம் அடுத்த வருடம் ஓய்ந்துகொள்ளும். தண்ணீர் விட்டார்களா, மருந்து அடித்தார்களா என்று விசாரிப்பார். பிறகு தோப்புக்காரரோடு துண்டுக்கடியில் விரல் பிடிக்காத குறையாகப் பேசி, ஒரு தொகை சொல்லி, முன்பணம் கொடுத்துவிட்டு வருவார்.

அதற்குப் பிறகு மே, ஜூன் வரை எது வேண்டுமானாலும் நடக்கலாம். பனியில் பூ கருகலாம். கோடை மழைக் காற்றில் பிஞ்சு உதிரலாம். எல்லாம் தப்பிக் காய் நிறைந்து நின்றாலும், கூழ் ஆலைக்காரர்கள் என்ன விலை சொல்வார்கள் என்பது அவர் கையில் இல்லை.

2025 பருவத்தில் அதுதான் நடந்தது. விளைச்சல் கொட்டியது. நாங்கள் பெங்களூரா என்று சொல்லும் கிளிமூக்கு மாங்காயின் விலை அடிமாட்டு விலைக்கு இறங்கி, இந்தப் பக்கத்து விவசாயிகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அண்ணனுக்குக் கையைக் கடித்தது. அந்தச் சமயத்தில் ஒரு காதுகுத்து வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது மாமா ஒருவர் ஆரம்பித்தார்: "இவ்ளோ தொகைக்குப் பேசறானேன்னு நான் அப்பவே நெனச்சேன்." அண்ணன் சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "பூ விட்டப்ப நீங்க எங்க மாமா இருந்தீங்க?"

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது மொத்தமும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் என்பது பூவைப் பார்த்து விலை பேசுவது. ரசிகர்கள் தீர்ப்புச் சொல்வது கூழ் ஆலை வாசலில் நின்றுகொண்டு.

இதுவரை: முடிவு எடுக்கும் நாளில் கையில் இருப்பது பாதித் தகவல்தான். மீதி பிறகு வருகிறது. அந்த மீதியைக் கையில் வைத்துக்கொண்டு முன்னாடி எடுத்த முடிவைத் திட்டுவதற்குத்தான் பின்புத்தி என்று பெயர்.

ஞாபகம் தன்னையே திருத்தி எழுதிக்கொள்கிறது

பின்புத்தி என்றால் "லேட்டாகப் புரிந்தது" என்று மட்டும் நினைக்கிறோம். உளவியலில் இதற்கு இன்னும் கூர்மையான பொருள் உண்டு. நடந்தது தெரிந்த பிறகு, அது நடக்கும் என்று முன்பே நமக்குத் தெரிந்திருந்ததாகத் தோன்றும். இதைப் பின்புத்தி மயக்கம் என்று சொல்லிக்கொள்வோம்.

பாருக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் 1970களில் இதைச் சோதித்துப் பார்த்தார். 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் போனார். போவதற்கு முன்பே, இஸ்ரேலில் படித்துக்கொண்டிருந்த மாணவர்களிடம் ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். நிக்சன் மாவோவைச் சந்திப்பாரா, மாட்டாரா என்பது போன்ற கேள்விகள். ஒவ்வொன்றும் நடக்க நூற்றுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று மாணவர்கள் எண் போட்டார்கள். பயணம் முடிந்து நாளான பிறகு அதே மாணவர்களிடம், "அன்று நீங்கள் என்ன எண் போட்டீர்கள், நினைவுபடுத்தி எழுதுங்கள்" என்றார்கள். நடந்துவிட்டதாக அவர்கள் நினைத்த விஷயங்களுக்கு, முன்பு போட்டதைவிட அதிகமாகப் போட்டதாகவே பெரும்பாலோர் நினைவு வைத்திருந்தார்கள். பெருமை பேச யாரும் வரவில்லை, பந்தயமும் கிடையாது. ஞாபகம் தானாகவே நகர்ந்திருக்கிறது. முடிவுகள் 1975இல் வெளியாயின.

ஏன் இப்படி? மூளை பழைய எண்ணத்தைப் பீரோவில் பூட்டி வைத்து வேண்டும்போது அப்படியே எடுப்பதில்லை. ஒவ்வொரு முறையும் இன்று தெரிந்ததையும் சேர்த்துப் புதிதாகக் கட்டுகிறது. சலா பெரிய ஆளானார் என்று தெரிந்த பிறகு, 2014இல் அவர் ஓடிய ஒரு ஓட்டம் மட்டும் நினைவில் பளிச்சென்று நிற்கும். அதே வேகத்தில் ஓடி ஒன்றுமில்லாமல் போன இருபது பேரின் முகம் மங்கிவிடும்.

ஓசூரில் இது இன்னும் சுலபமாகப் புரியும். "அப்பவே ஒரு ஏக்கர் வாங்கிப் போட்டிருந்தா..." என்று பெருமூச்சு விடாத குடும்பம் எங்கள் மாவட்டத்தில் இல்லை. சிப்காட் வந்தது, பெங்களூரு பக்கத்தில் இருக்கிறது, விலை ஏறாமல் எப்படி என்று இன்று காரணம் அடுக்குவார்கள். அந்தக் காரணங்கள் அன்றும் இருந்தன. ஆனால் அன்று கையில் காசு வைத்திருந்தவர்கள் வேறு ஊரில் மனை வாங்கினார்கள், அதற்கும் இதே போலக் காரணம் அடுக்கித்தான்.

கதை நேர்த்தியாக இருந்தால் தேதிகூட நகரும். கூட்டீனியோவை விற்ற சுமார் 14 கோடி பவுண்டில்தான் லிவர்பூல் தடுப்பு வீரர் வான் டைக்கை வாங்கியது என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். தேதியைப் பாருங்கள். 7.5 கோடி பவுண்டுக்கு வான் டைக் வருகிறார் என்று அறிவித்தது 2017 டிசம்பர் 27. கூட்டீனியோ போனது 2018 ஜனவரி 6. பார்சிலோனா கோடையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது, ஆகவே இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் "விற்றான், அந்தக் காசில் வாங்கினான், கோப்பை ஜெயித்தான்" என்று வரிசையாகச் சொன்னால் காதுக்கு இனிமையாக இருக்கிறது. அதனால் வரிசை தானாக மாறிக்கொண்டது.

போர்வெல் போட்டுப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்

இரண்டாவது சிக்கல் ஞாபகத்தில் இல்லை, தீர்ப்பில் இருக்கிறது. நல்லபடி முடிந்தால் நல்ல முடிவு, கெட்டுப்போனால் கெட்ட முடிவு என்று எடைபோடுவதை விளைவு மயக்கம் எனலாம்.

ஜோனதன் பேரன், ஜான் ஹெர்ஷி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1988இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதற்குப் பொருத்தம். 55 வயது இதய நோயாளி. அறுவை செய்தால் நூற்றில் எட்டுப் பேர் இறக்கக்கூடும். மருத்துவர் அறுவை செய்ய முடிவெடுக்கிறார். ஒரு கதையை நோயாளி பிழைத்தார் என்று முடித்தார்கள், இன்னொன்றை இறந்தார் என்று முடித்தார்கள். மற்றபடி கதை ஒன்றே. பிழைத்தார் என்று முடிந்த கதையில் மருத்துவரின் முடிவுக்கு அதிக மதிப்பெண் விழுந்தது. மருத்துவருக்கு இரண்டு கதையிலும் தெரிந்தது ஒன்றேதான்.

தர்மபுரிப் பக்கத்துக்காரர்களுக்கு இதற்கு ஆய்வு தேவையில்லை, போர் போட்டால் போதும். பாறை பூமி. நீரோட்டம் பார்க்கிறவர் தேங்காயைக் கையில் ஏந்திக்கொண்டு வருவார், இல்லை கருவியோடு வருவார். "இந்த இடம் நல்லா இருக்கு" என்பார். திருச்செங்கோட்டு வண்டி வந்து நிற்கும். அடிக்கு இவ்வளவு என்று மீட்டர் ஓடும். எண்ணூறு அடி, ஆயிரம் அடி, இன்னும் புழுதி பறந்தால் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க முடியாது. பக்கத்துக் காட்டில் அதே மனிதர் காட்டிய இடத்தில் முந்நூறு அடியில் பீய்ச்சி அடித்திருக்கும். அங்கே அவர் தெய்வம், இங்கே அவர் பிராடு.

நூற்றுக்கு அறுபது வாய்ப்பு என்று ஒருவர் சரியாகவே கணித்தாலும், பத்துப் போரில் நான்கு வறண்டுதான் போகும். அந்த நான்கில் ஒன்றைக் காட்டி "கணிப்பே தப்பு" என்று சொல்ல முடியாது. முந்நூறு அடியில் தண்ணீர் வந்த ஒன்றைக் காட்டி "மேதை" என்றும் சொல்ல முடியாது. பத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சுருக்கமாக: பின்புத்தி மயக்கம் நம் ஞாபகத்தை மாற்றுகிறது, விளைவு மயக்கம் நம் தீர்ப்பை மாற்றுகிறது. டிரான்ஸ்ஃபர் பேச்சில் இரண்டும் கைகோத்துக்கொண்டே வரும்.

ஒரே நாள், ஒரே கிளப், இரண்டு கையெழுத்து

இப்போது மைதானத்துக்கு வருவோம். 2011 ஜனவரி 31, சந்தை மூடும் நாள். லிவர்பூல் ஃபெர்னாண்டோ டோரஸை 5 கோடி பவுண்டுக்குச் செல்சிக்கு விற்றது. கையோடு இரண்டு பேரை வாங்கியது. நியூகாசிலிலிருந்து ஆண்டி கேரல், 3.5 கோடி பவுண்டு. நெதர்லாந்தின் அயாக்ஸிலிருந்து லூயிஸ் சுவாரஸ், சுமார் 2.3 கோடி பவுண்டு.

கேரல் லிவர்பூலுக்காக லீக்கில் 44 ஆட்டங்களில் அடித்தது 6 கோல். சுவாரஸ் அந்த கிளப்பின் மிகப் பெரிய பெயர்களில் ஒருவரானார். ஒரே நாள், ஒரே அலுவலகம், ஒரே பேனா. சுவாரஸை வாங்கியதால் அவர்கள் மேதைகள், கேரலை வாங்கியதால் முட்டாள்கள் என்றால், அந்த மனிதர்கள் மதியம் டீ குடித்த இடைவேளையில் மாறிவிட்டார்களா?

பூ விட்ட நாளுக்குப் போய்ப் பாருங்கள். சுவாரஸ் அதற்கு இரண்டு மாதம் முன்புதான் எதிரணி வீரரைக் கடித்து ஏழு ஆட்டத் தடை வாங்கியிருந்தார். டச்சு லீக்கில் கோல் கொட்டுகிறவர்கள் இங்கிலாந்தில் தேறாமல் போன கதைகளும் இருந்தன. அன்றைக்கு ஒருவர் "இந்த ஆள் வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் அது மடத்தனமாக இருந்திருக்காது. கேரல் 22 வயது, ஆங்கிலேயர், அந்த அரை சீசனில் 11 லீக் கோல் அடித்தவர். வேண்டும் என்று சொல்லவும் காரணம் இருந்தது.

நான் அன்றைக்குக் கேரல் பக்கம்தான் இருந்தேன். உயரம், தலையால் முட்டுகிற பலம், இனிமேல் கார்னர் எல்லாம் கோல் என்று டீக்கடையில் அளந்தது ஞாபகம் இருக்கிறது. கூட இருந்தவர்கள் அவ்வப்போது கிண்டலடித்து நினைவுபடுத்துவதால்தான் அந்த ஞாபகமும் அழியாமல் இருக்கிறது.

செல்சி விட்ட இருவர்

இப்போது எல்லாரும் எதிர்பார்க்கும் இடம். செல்சி 2014 ஜனவரியில் பாசெல் கிளப்பிலிருந்து முகமது சலாவைச் சுமார் 1.1 கோடி பவுண்டுக்கு வாங்கியது. லீக்கில் 13 ஆட்டம், 2 கோல். 2015இல் ஃபியோரென்டினாவுக்கு இரவல், பிறகு ரோமாவுக்கு இரவல், 2016இல் ரோமாவுக்கே விற்பனை. 2017 கோடையில் சுமார் 3.5 கோடி பவுண்டுக்கு லிவர்பூல் வாங்க, முதல் சீசனிலேயே 32 லீக் கோல் அடித்து, 38 ஆட்ட சீசனுக்கான அப்போதைய சாதனையைப் பிடித்தார்.

கெவின் டி பிராய்னே கதையும் இதே அச்சு. 2012இல் சுமார் 70 லட்சம் பவுண்டுக்கு வாங்கி, ஒரு வருடம் வெர்டர் பிரேமனுக்கு இரவல் விட்டு, ஆட வாய்ப்புக் கொடுக்காமல், 2014 ஜனவரியில் வோல்ஃப்ஸ்பர்க்குக்குச் சுமார் 1.8 கோடி பவுண்டுக்கு விற்றார்கள். 2015இல் அவர் ஜெர்மனியின் அந்த ஆண்டின் சிறந்த வீரர். அதே கோடையில் மான்செஸ்டர் சிட்டி சுமார் 5.5 கோடி பவுண்டு கொடுத்து எடுத்தது.

செல்சிக்காரர் மேசையில் அன்று என்ன இருந்தது? சலா ஆடும் இடத்தில் ஹசார்ட், வில்லியன், ஆஸ்கர் என்று ஏற்கனவே மூன்று பேர். டி பிராய்னேவுக்கு 22 வயது, பெஞ்சில் உட்கார மனமில்லை, அந்த வருடம் பிரேசிலில் உலகக் கோப்பை. போட்ட பணம் இரண்டரை மடங்காகத் திரும்பி வருகிறது. இவர்கள் இருவரையும் நம்பாமலே செல்சி 2014-15 லீக் கோப்பையை ஜெயித்தது. அன்றைய கணக்குக்கு இது நஷ்டமான வியாபாரமே இல்லை.

இன்னொன்று. அந்தக் காலத்தில் செல்சி ஒரே சமயத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட இளைஞர்களை இரவல் விட்டு வைத்திருந்தது. அவர்களில் எத்தனை பெயர் நமக்குத் தெரியும்? சலா, டி பிராய்னே, லுகாகு. தண்ணீர் வந்த போரை மட்டும் எண்ணுகிறோம். மீதிப் பேரையும் விற்காமல் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

வருத்தத்தில் திரும்ப வாங்குவது

லுகாகு என்றதும் இன்னொரு கதை. 2014இல் 2.8 கோடி பவுண்டுக்கு எவர்ட்டனுக்கு விற்ற அதே லுகாகுவை, 2021இல் 9.75 கோடி பவுண்டு கொடுத்துச் செல்சி திரும்ப வாங்கியது. அந்த சீசனில் லீக்கில் 8 கோல். அடுத்த வருடமே இன்டர் மிலானுக்கு இரவல். மான்செஸ்டர் யுனைடெட்டும் 2012இல் கிட்டத்தட்டச் சும்மாவே யுவென்டஸுக்குப் போகவிட்ட பொக்பாவை, 2016இல் 8.9 கோடி பவுண்டு கொடுத்து எடுத்தது. 2022இல் ஒப்பந்தம் முடிந்து அவர் மறுபடியும் யுவென்டஸுக்கே காசில்லாமல் போனார். பழைய வருத்தத்துக்குப் புது விலை. தொலைத்த பொருளை அடகுக்கடையில் போய் மூன்று மடங்கு கொடுத்து எடுத்த மாதிரி.

இதை எழுதி முடித்துவிட்டு நன்றாக இருக்கிறதே என்று படித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. இவ்வளவு நேரம் எதை வேண்டாம் என்றேனோ அதையே செய்துவைத்திருக்கிறேன். 2021 கோடையில் லுகாகு யார்? 28 வயது. முந்தின சீசனில் இத்தாலிய லீக்கில் 24 கோல் அடித்து இன்டரைச் சாம்பியனாக்கியவர். செல்சி அப்போதுதான் ஐரோப்பியக் கோப்பையை ஜெயித்திருந்தது, கோல் அடிக்க ஒரு ஆள் மட்டும் குறை என்று ஊரே சொன்னது. பூ நன்றாகத்தான் விட்டிருந்தது. மேலே உள்ள பத்தியை அழிக்கவில்லை. எவ்வளவு சுலபமாக வழுக்குகிறது என்பதற்கு அதுவே சாட்சியாக இருக்கட்டும்.

நடக்காத கதையில் சலா அதே சலா இல்லை

"சலாவை விற்காமல் இருந்திருந்தால் செல்சிக்கு 32 கோல் கிடைத்திருக்கும்." இந்த வாக்கியத்தில் ஒரு மறைவான அனுமானம் இருக்கிறது. வீரர் ஒரு மூட்டை அரிசி மாதிரி, எந்த வீட்டில் இறக்கினாலும் அதே எடை என்பது.

சந்தூர் நர்சரிகளில் ஒட்டுக்கன்று கட்டுகிறவர்களைக் கேளுங்கள். ஒரே தாய் மரத்துக் குச்சி, இரண்டு பேர் வாங்கிப் போகிறார்கள். ஒருவர் செம்மண்ணில் சொட்டுநீர் விட்டு வளர்க்கிறார், இன்னொருவர் களர் நிலத்தில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார். ஐந்து வருடம் கழித்து இரண்டும் ஒரே மரமா? சலா ரோமில் இரண்டு சீசன் முழுசாக ஆடினார், கோல் முன்னால் நிதானம் பழகினார். பிறகு லிவர்பூலில் பயிற்சியாளர் கிளாப்பின் ஆட்ட முறை, நடுவில் ஃபிர்மினோ, மறுபக்கம் மானே. செல்சி பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. செல்சி விற்றது 32 கோல் அடிக்கும் சலாவை இல்லை. அந்த சலா அப்போது பிறக்கவே இல்லை.

கூட்டீனியோவை மறுபக்கமாகப் பாருங்கள். ஆன்ஃபீல்டில் ராஜா மாதிரி ஆடியவர் பார்சிலோனாவில் இடம் கிடைக்காமல் தவித்தார். அங்கிருந்து இரவலாகப் பயர்ன் மியூனிக்குக்குப் போனவர், 2020 ஆகஸ்டில் அதே பார்சிலோனாவை 8-2 என்று அடித்த ஆட்டத்தில் மாற்று ஆளாக இறங்கி இரண்டு கோல் போட்டார். கால் ஒன்றுதான், மண் வேறு.

அப்படியானால் யாரையும் திட்டவே கூடாதா?

தாராளமாகத் திட்டலாம். மாங்காய் வியாபாரத்திலும் முட்டாள்தனம் உண்டு. பூ கருகிப்போன தோப்பை, கருகியதைப் பார்க்காமலே, போன வருட விளைச்சலை நம்பிக் குத்தகை எடுத்தவன் மே மாதம் அழுதால் அது விதி இல்லை. ஜனவரியிலேயே கண் முன்னால் இருந்ததை அவன் பார்க்கவில்லை.

டோரஸுக்குத் திரும்பி வருவோம். செல்சிக்காக லீக்கில் 110 ஆட்டம், 20 கோல். 5 கோடி பவுண்டு போனது போனதுதான். "20 கோல்தான், ஆகவே தப்பு" என்று சொன்னால் அது பின்புத்தி. ஆனால் வேகத்தை நம்பி ஆடுகிற அவருக்கு 2010 ஏப்ரலில்தான் முழங்கால் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அதன் பிறகு பழைய பாய்ச்சல் குறைந்திருந்ததை டி.வி.யில் பார்த்த நாங்களே பேசிக்கொண்டோம். இது விற்பனை நாளில் மேசைமேல் இருந்த தகவல். இதைச் சொல்லிச் செல்சியைக் கேள்வி கேட்பது நியாயம். கேரல் விஷயத்திலும் அப்படித்தான். அவர் தோற்றார் என்பதைவிட, அரை சீசன் ஆட்டத்தை வைத்து, அப்போது தொடையில் காயத்தோடு இருந்தவருக்கு, கையில் விழுந்த பணம் சூடு ஆறுவதற்குள் 3.5 கோடி கொடுத்தார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும். கேரல் முப்பது கோல் அடித்திருந்தாலும் அந்தக் கேள்வி அப்படியே நிற்கும்.

ஆக, ஒரு டிரான்ஸ்ஃபரைப் பற்றிப் பேசும்போது கேட்க வேண்டியது மூன்றுதான். அன்று என்ன தெரிந்தது? கொஞ்சம் விசாரித்தால் தெரிந்திருக்கக்கூடியது என்ன? இந்த இரண்டுக்கும் கொடுத்த விலை பொருந்துகிறதா? கிளப்பையே எடைபோட வேண்டுமென்றால் ஒரு வீரரை வைத்துப் போடாதீர்கள், பத்து வருடக் கணக்கை எடுங்கள். பிரைட்டன் கிளப் சுமார் 45 லட்சம் பவுண்டுக்கு வாங்கிய கைசெடோவை 2023இல் 10 கோடிக்கு மேல் விற்றதைப் பெரிதாகச் சொல்கிறார்கள். சொல்லட்டும். அவர்கள் வாங்கித் தேறாமல் போனவர்களையும் சேர்த்து எண்ணிவிட்டுச் சொன்னால் இன்னும் மரியாதையாக இருக்கும்.

ஒரு நோட்டும் ஒரு கையெழுத்தும்

ஞாபகத்தை நம்ப முடியாதென்றால் ஒரே வழி, முன்கூட்டியே எழுதி வைப்பது. ஃபிஷ்ஹாஃப் செய்ததும் அதுதான். எங்களிடமும் தற்செயலாக ஒரு நோட்டு உண்டு. அண்ணன் கூடைக்கணக்கு எழுதும் நீளமான பேரேட்டின் கடைசிப் பக்கங்கள். 2017 கோடையில் மழை பெய்து தோப்புக்குப் போக முடியாத ஒரு மதியம், அந்த வருடம் வாங்கிய வீரர்களைப் பற்றி ஆளுக்கொரு கணிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டோம். தோற்றவர் பிரியாணி வாங்க வேண்டும் என்று பேச்சு. பிரியாணி மறந்துபோனது, நோட்டும் பரணுக்குப் போய்விட்டது.

இந்தக் கட்டுரைக்காகப் பரணிலிருந்து எடுத்தேன். செந்தூரா இத்தனை கூடை, பெங்களூரா இத்தனை கூடை என்ற கணக்கெல்லாம் தாண்டி, பால்பாயிண்ட் மை பழுத்துப்போன பக்கத்தில் இருந்தது: "சலா - செல்சி பழசு. பத்து கோல் தாண்டாது. வேஸ்ட்." கீழே அண்ணனின் கையெழுத்து, முன்பணச் சீட்டில் போடும் அதே சுழியோடு. அதற்குக் கீழே என்னுடையது: "12, அதுக்கு மேல இல்ல." நான் இருபதாவது சொல்லியிருப்பேன் என்றுதான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அண்ணன் வந்தபோது பக்கத்தைத் திறந்து நீட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி இரண்டு முறை படித்தார். விரலால் கையெழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"என் கையெழுத்துதான்" என்றார். "ஆனா இது உன்ன வெறுப்பேத்த எழுதினதுடா. அவன் பெரிய ஆளா வருவான்னு எனக்கு அப்பவே தெரியும்."